கிறிஸ்தவ வாலிபர் ஊழியரின் உடல்நலமும் பணிச்சோர்வும்

திருச்சபைகளில் பதின்ம வயதினரையும் இருபதுகளில் இருப்பவர்களையும் வழிநடத்தும் பொறுப்பில் உள்ளவர் வாலிபர் ஊழியர் அல்லது இளைஞர் ஊழியர் எனப்படுகிறார். குருவானவர், உதவிப் போதகர், உபதேசியார், ஞாயிறு பள்ளி ஆசிரியர், வேலைக்குப் போய்க்கொண்டே மாலையில் வாலிபர் ஐக்கியத்தை நடத்துபவர் என்று பலர் இந்தப் பெயரில் அடங்குவர். உடலும் மனமும் ஒருசேரத் தீர்ந்துபோய், விரும்பி ஏற்ற ஊழியமே வெறுத்துப்போகும் நிலைக்கு இவர்கள் எளிதில் ஆளாகின்றனர். ஆங்கிலத்தில் ‘பர்ன்அவுட்’ எனப்படும் இந்நிலை தமிழில் பணிச்சோர்வு என்று வழங்கப்படுகிறது.

இதைச் சபைகளில் பெரும்பாலும் ஜெபக் குறைவு, விசுவாசக் குறைவு என்று விளங்கிக்கொள்கிறார்கள். பணிச்சோர்வு தனிமனிதரின் குறையைக் காட்டிலும் வேலை அமைக்கப்பட்டிருக்கும் விதத்தின் விளைவு என்பதே இக்கட்டுரையின் பார்வை. இதற்குத் தொலைவில் சான்று தேட வேண்டியதில்லை. காஞ்சிபுரத்தில் 1839-இல் பள்ளி தொடங்கிய ஸ்காட்லாந்து மிஷனரிகளின் வரலாறே அதைக் காட்டுகிறது.

சொல்லின் வரலாறு

‘பர்ன்அவுட்’ என்ற சொல்லை உளவியல் இதழ்களுக்குள் கொண்டுவந்தவர் நியூயார்க்கைச் சேர்ந்த உளவியலாளர் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர். பகலில் தம் சொந்த மருத்துவ அறையில் வேலை பார்த்துவிட்டு, மாலையில் ஓர் இலவச மருத்துவமனையில் தொண்டு செய்தவர் அவர். போதைக்கு அடிமையான இளைஞர்களுக்கு உதவ ஆர்வத்தோடு வந்த தொண்டர்கள் சில மாதங்களில் சலித்து, எரிச்சலுற்று, உதவ வந்தவர்களையே வெறுக்கத் தொடங்குவதை அங்கே கண்டார். தமக்கும் அதுவே நேர்ந்ததை உணர்ந்து 1974-இல் எழுதினார். ஆக, இளைஞர்களோடு கூலி பெறாமல் வேலை செய்தவர்களைப் பார்த்துத்தான் இந்தச் சொல்லே பிறந்தது. அலுவலக ஊழியர்களுக்கு அது பின்னர்தான் பொருத்தப்பட்டது.

கிறிஸ்டினா மாஸ்லாக் 1981-இல் இதை அளப்பதற்கான வினாத்தொகுப்பை உருவாக்கினார். உலக சுகாதார அமைப்பு 2019-இல் ஏற்கப்பட்ட நோய்ப் பட்டியலில் இதற்கு மூன்று கூறுகளைச் சொல்கிறது. ஆற்றல் வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோதல், முன்பு செய்த அளவுக்குச் செய்ய முடியாமற்போதல் என்பவை அவை. இது ஒரு நோய் அல்ல, சரிவரக் கையாளப்படாத நீண்டகாலப் பணி அழுத்தத்தின் விளைவு என்றும் அந்த அமைப்பு தெளிவுபடுத்துகிறது. நோய் என்றால் மருந்து தேடுவோம். பணியின் விளைவு என்றால் பணியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஆண்டர்சனும் நண்பர்களும்

ஜான் ஆண்டர்சன் ஸ்காட்லாந்தில் 1805-இல் பிறந்தவர். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் படித்துக் குருப்பட்டம் பெற்று 1837-இல் சென்னைக்கு வந்தார். அதே ஆண்டு ஏப்ரலில் 59 மாணவர்களுடன் ஆர்மீனியன் தெருவில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். பிற்காலத்தில் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது இந்தப் பள்ளியே. 1839-இல் ராபர்ட் ஜான்ஸ்டன் அவரோடு சேர்ந்தார். அந்த ஆண்டிலேயே காஞ்சிபுரத்தில் கிளைப்பள்ளி தொடங்கப்பட்டது. இன்று அது ஆண்டர்சன் மேல்நிலைப் பள்ளி என்ற பெயரில் இயங்குகிறது. அடுத்தடுத்துச் செங்கல்பட்டு, நெல்லூர் முதலிய இடங்களிலும் பள்ளிகள் எழுந்தன. ஜான் பிரெய்ட்வுட் 1841-இல் மூன்றாமவராக வந்தார்.

‘வாலிபர் ஊழியர்’ என்ற பதவிப்பெயர் அன்று இல்லை. ஆனால் இவர்கள் செய்தது அந்த வேலையைத்தான். பதின்ம வயது மாணவர்களோடு நாள் முழுவதும் இருந்து, ஆங்கிலமும் வேதாகமமும் கற்பித்து, அவர்களுடைய கேள்விகளுக்கு ஈடுகொடுத்தார்கள். பள்ளி நேரம் முடிந்தாலும் வேலை முடியவில்லை. 1838-இல் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த சிறுவர்களைப் பள்ளியில் சேர்த்தபோது மற்றவர்கள் கிளர்ந்தெழுந்தனர். அவர்களை விலக்க ஆண்டர்சன் மறுத்துவிட்டார். 1841-இல் ராஜகோபால், வெங்கடராமையா ஆகிய இளைஞர்கள் திருமுழுக்குப் பெற்றனர். ஊரில் பெரும் கொந்தளிப்பு எழுந்தது. மாணவர் எண்ணிக்கை வெகுவாகச் சரிந்தது. 1840-களில் மதம் மாற வந்த இளைஞர்கள் சிலரின் உறவினர்கள் சென்னையிலிருந்த சுப்ரீம் கோர்ட்டை நாடிய வழக்குகளும் நடந்தன.

பெற்ற வீட்டை விட்டு வந்த இளைஞர்களுக்குப் போக்கிடம் மிஷனரிகளின் வீடுதான். உணவும் உறக்கமும் படிப்பும் அங்கேயே நடந்தன. இதன் பொருள் என்ன என்பதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். ஆசிரியர், போதகர், காப்பாளர், வழக்கில் பதில் சொல்பவர், தந்தை ஆகிய ஐந்து வேலைகளையும் அதே சிலர், அதே கூரையின் கீழ், இரவு பகலாகப் பார்த்தார்கள். வேலைக்கும் வீட்டுக்கும் இடையே வாசற்படி இல்லை. போதாக்குறைக்குக் கிளைப்பள்ளிகளை நேரில் போய்ப் பார்த்துவர வேண்டும். சென்னையிலிருந்து காஞ்சிபுரம் இன்று இரண்டு மணி நேரப் பயணம். தென்னிந்தியாவின் முதல் ரயிலே 1856-இல்தான் ராயபுரத்திலிருந்து புறப்பட்டது. அதற்கு முன் மாட்டு வண்டியோ பல்லக்கோதான்.

ஜான்ஸ்டன் உடல் நலிந்து ஸ்காட்லாந்து திரும்பி 1853-இல் இறந்தார். ஆண்டர்சன் 1855 மார்ச்சில் சென்னையில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 49. இருவரின் வரலாற்றையும் பிரெய்ட்வுட் 1862-இல் நூலாக வெளியிட்டார். ஒரே நுகத்தில் பூட்டப்பட்ட இருவர் என்ற பொருளில் அந்நூலுக்குப் பெயர் வைத்தார். காளைகளின் உவமை எவ்வளவு பொருத்தம் என்பதை அவர் உணர்ந்தே வைத்திருக்கலாம். அந்தக் காலத்துச் சென்னையின் வெப்பம், காய்ச்சல், மருத்துவத்தின் எல்லை ஆகியவற்றை ஒதுக்கிவிட்டு உழைப்பு மட்டுமே அவர்களைக் கொன்றது என்று சொல்வது சரியாகாது. ஆனால் இத்தனை வேலையையும் இத்தனை சிலர் மீது ஏற்றிய ஏற்பாடு நெடுநாள் தாங்கக்கூடியது அல்ல.

இதற்கு அடுத்த தலைமுறையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1862-இல் வந்த வில்லியம் மில்லர் அதே பள்ளியை ஏற்றார். அது 1865-இல் கல்லூரி வகுப்புகளைத் தொடங்கியது. 1877-இல் சுதந்திர ஸ்காட்லாந்து சபையோடு சி.எம்.எஸ்., வெஸ்லியன் மிஷன் ஆகியவையும் பொறுப்பேற்க, அது சென்னை கிறிஸ்தவக் கல்லூரி ஆனது. ஒருவர் இல்லாவிட்டாலும் மறுநாள் மணி அடிக்கும் நிறுவனமாக அது மாறியது. மில்லர் 1923 வரை வாழ்ந்தார். அவர் உடற்கட்டு வேறாக இருந்திருக்கலாம். ஆனால் மூன்று சபைகள் தோள் கொடுத்த சுமையை அவர் சுமந்தார், ஆண்டர்சனுக்கு அந்த வாய்ப்பு வாய்க்கவில்லை.

இன்றைய காஞ்சிபுரத்தில் வாலிபர் ஊழியம்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் காஞ்சிபுரம் நகரின் மக்கள்தொகை சுமார் 1.64 லட்சம். கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. ஏகாம்பரநாதர், காமாட்சியம்மன், வரதராசப் பெருமாள் கோயில்களின் திருவிழாக்களைச் சுற்றியே நகரத்தின் ஆண்டு சுழல்கிறது. சிறிய சபையில் வாலிபர் கூட்டம் என்றால் பத்துப் பதினைந்து பேர் வந்தாலே நிறைவு. அவர்களில் இரண்டு பேர் வெளியூரில் வேலை கிடைத்துப் போனால் கூட்டம் வெறிச்சோடும். எண்ணிக்கையைக் கொண்டு ஊழியத்தை அளக்கும் பழக்கம் உள்ள இடத்தில் இது ஊழியரைக் கடுமையாகத் தாக்கும். தாம்பரத்திலோ ஆவடியிலோ முந்நூறு பேரைச் சேர்க்கும் நண்பரோடு தம்மை ஒப்பிட்டுக்கொண்டு குன்றிப்போகிறார்.

நேரம் மற்றொரு சிக்கல். பட்டு நெசவுக் குடும்பங்களின் அடுத்த தலைமுறை தறியை விட்டுவிட்டு ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலைகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. கம்பெனி பஸ் விடியற்காலையில் வரும், இரவில் திரும்பும். முதல் ஷிப்டில் இருப்பவர் மாலையில்தான் பேச முடியும். இரவு ஷிப்டில் இருப்பவர் காலை பத்து மணிக்குத்தான் போன் செய்வார். கல்லூரி மாணவருக்கு இரவு பதினொன்றுக்குத்தான் மனம் திறக்கும். எல்லோருக்கும் ஈடுகொடுக்க முயலும் ஊழியருக்கு மூன்று ஷிப்டும் சொந்தமாகிவிடுகிறது. தொழிலாளிக்காவது ஷிப்ட் முடிந்தால் சங்கு ஊதும்.

அழைக்கும் முறையையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஆயரை ‘ஐயா’ என்பவர்கள் வாலிபர் ஊழியரை ‘அண்ணா’, ‘அக்கா’ என்கிறார்கள். ஐயாவைப் பார்க்க நேரம் கேட்டு வருவார்கள். அண்ணனிடம் யாரும் நேரம் கேட்பதில்லை. இந்த உறவுதான் ஊழியத்தின் பலம், இளைஞன் உண்மையைச் சொல்வது இந்த அண்ணனிடம் மட்டுமே. அதே உறவு எல்லையின்மைக்கும் வாசல் ஆகிறது.

ஆண்டு முழுவதும் இருக்கும் இந்த ஓட்டத்தோடு பருவகாலச் சுமைகளும் சேரும். மே மாதம் கத்திரி வெயிலில் விடுமுறை வேதாகமப் பள்ளி, அதற்கு முன் ஆசிரியர் பயிற்சி, பின் வாலிபர் முகாம். டிசம்பரில் இரவு முழுக்க கீத பவனி, நாடக ஒத்திகை, கிறிஸ்துமஸ் ஆராதனை, ஆறு நாள் இடைவெளியில் புத்தாண்டு ஆராதனை. ஜனவரி முதல் வாரத்தில் காய்ச்சலோடு படுத்துக் கிடக்காத வாலிபர் ஊழியர் அரிது.

எரிந்து தீர்தல் என்னும் இலட்சியம்

மிஷன் வரலாற்றில் ஓர் இலட்சியம் ஆழமாக ஊன்றியுள்ளது. 1806-இல் இந்தியா வந்த ஹென்றி மார்ட்டின், கடவுளுக்காகத் தாம் எரிந்து தீர வேண்டும் என்று நாட்குறிப்பில் விரும்பி எழுதினார். 1812-இல் துருக்கியின் தோக்காத் நகரில் 31 வயதில் இறந்தார். அந்தச் சில ஆண்டுகளில் உருதுவிலும் பாரசீகத்திலும் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தது பெரும் சாதனை. ஆனால் அந்த வாழ்க்கையை இரண்டு நூற்றாண்டுகளாக வாலிபர் முகாம்களில் அளவுகோலாக வைத்துப் பேசுவதால் ஓய்வெடுப்பதே துரோகம் என்ற எண்ணம் இளைஞர்கள் மனத்தில் பதிகிறது. துருப்பிடிப்பதைவிடத் தேய்வது மேல் என்று மேடையில் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். தேயாமலும் துருப்பிடிக்காமலும் இருக்க எண்ணெய் இடலாமே என்று யாரும் கேட்பதில்லை.

வேதாகமத்தில் இதற்கு மாறான பகுதிகள் தாராளமாக உண்டு. கர்மேல் மலையில் வெற்றி பெற்ற எலியா, அதன் பின் சாக விரும்பிச் சூரைச்செடியின் கீழ் படுக்கிறார். அவருக்கு முதலில் கிடைத்தது பிரசங்கம் அல்ல. உறக்கம், அப்பம், தண்ணீர், மறுபடியும் உறக்கம். கேள்வி அதன் பிறகுதான் வருகிறது. காலை முதல் மாலை வரை தனியே நியாயம் விசாரித்த மோசேயிடம், இப்படிச் செய்தால் நீயும் தளர்வாய், மக்களும் தளர்வார்கள் என்ற பொருளில் மாமனார் எத்திரோ பேசுகிறார். ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, பத்துப் பேருக்கு என்று தலைவர்களை நியமிக்கச் சொல்கிறார். அவர் மோசேயின் ஜெப வாழ்க்கையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அவர் மாற்றச் சொன்னது வேலைப் பிரிவினையை.

காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வெவ்வேறு நாடாக்களால் நெய்யப்படுவதால், பழைய முறையில் நெசவாளிக்குப் பக்கத்தில் ஒரு துணையாள் அமர்ந்து ஒரு பக்கக் கரையின் நாடாவை எறிவார். துணையாள் வராத நாளில் அந்த வேலை ஓடாது. தனியாளாகச் செய்ய முடியாத வேலையைத் தனியாளுக்குக் கொடுக்கக் கூடாது என்பது தறிக்காரருக்குத் தெரியும். சபைக் குழுக்களுக்கு ஏனோ இது எளிதில் புரிவதில்லை.

உடல்

வட கரோலினா மாநில மெதடிஸ்ட் போதகர்களிடையே டியூக் பல்கலைக்கழகம் 2007-இல் தொடங்கிய ஆய்வுத் திட்டம், அவர்களிடம் உடற்பருமன், சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம் ஆகியவை அம்மாநிலத்தின் மற்ற மக்களைவிட அதிகம் என்று கண்டது. ஆன்மிகப் பணியாளர் இயல்பாகவே நலமாக இருப்பார் என்ற நம்பிக்கைக்கு இது எதிரான சான்று. நம் ஊரில் காரணங்களைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வு தேவையில்லை. ஒரு மாலையில் நான்கு வீடு சந்தித்தால் நான்கு டம்ளர் சர்க்கரை போட்ட டீ, பிஸ்கட், மிக்சர். வேண்டாம் என்றால் வீட்டார் மனம் வருந்தும். இரவு பத்து மணிக்குக் கூட்டம் முடிந்து பரோட்டா, அல்லது பிரியாணிப் பொட்டலம். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. முப்பது வயதைத் தாண்டிய ஊழியர் ஆண்டுக்கு ஒருமுறையாவது சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் பார்த்துவிடுவது நல்லது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனையும் மருந்தும் வீட்டு வாசலுக்கே வருகின்றன.

உபவாசத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் மருத்துவரிடம் கேட்காமல் நாள் முழுக்க உபவாசம் இருந்தால் ரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரும். அந்த நிலையில் இருசக்கர வண்டி ஓட்டுவது உயிராபத்து. மாத்திரையை நிறுத்திவிட்டு உபவாசம் இருப்பதும் ஆபத்தே.

உறக்கத்தில்தான் முதல் இழப்பு நிகழ்கிறது. வயது வந்தவருக்கு இரவில் ஏழு மணி நேரமாவது உறக்கம் தேவை என்பது மருத்துவர்களின் பொதுவான பரிந்துரை. முழு இரவு ஜெபம் முடிந்து விடியற்காலையில் வண்டியில் வீடு திரும்புவது பழக்கமாகிவிட்ட ஒன்று. நெடுஞ்சாலையில் ஓட்டுநர் கண் அயரும் நேரமும் அதுவே. முழு இரவுக் கூட்டத்துக்கு மறுநாள் காலை வேறு பொறுப்பு எதுவும் வைக்கக் கூடாது, வண்டியை விட்டுவிட்டு அங்கேயே இரண்டு மணி நேரம் படுத்துவிட்டுப் போகலாம். வாரத்துக்கு 55 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிட பக்கவாத அபாயம் 35 சதவீதமும் இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் அதிகம் என்று உலக சுகாதார அமைப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் கூறின. ஜெபக்கூட்டம், வீடு சந்திப்பு, போன் எல்லாவற்றையும் எழுதிக் கூட்டிப் பார்த்தால் பல ஊழியர்கள் இந்தக் கணக்கைத் தாண்டியிருப்பார்கள். பகலில் வேறு வேலை பார்ப்பவர் அந்த மணி நேரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உடற்பயிற்சியை உலகக் காரியம் என்று ஒதுக்குவோர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒய்.எம்.சி.ஏ.யின் வரலாறு நல்ல பதில். உடல், மனம், ஆவி என்ற மூன்றும் சேர்ந்த முக்கோணத்தைத் தன் சின்னமாகக் கொண்ட அந்த இயக்கத்தின் சார்பில் எச்.சி. பக் 1920-இல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இந்திய உடற்கல்வியின் முன்னோடி நிறுவனம் ஒரு கிறிஸ்தவ இளைஞர் இயக்கத்திலிருந்து வந்தது. வாரம் 150 நிமிட மிதமான உழைப்பு போதும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. வாலிபர்களோடு வாரம் இரண்டு முறை வாலிபால் ஆடினால் பாதிக் கணக்கு தீர்ந்துவிடும். கூட்டத்தில் வாய் திறக்காதவன் மைதானத்தில் பேசுவான்.

ஓய்வு நாளும் விடுப்பும்

மற்றவர்களுக்கு ஞாயிறு ஓய்வு நாள். ஊழியருக்கு அதுதான் வாரத்தின் கடுமையான நாள். ஆகவே வேறொரு நாளை ஒதுக்க வேண்டும். பலர் திங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் தேர்ந்தெடுப்பது மட்டும் போதாது. சபைக் குழு அதைத் தீர்மானமாக எழுதி, அறிவிப்பில் சொல்லி, அன்று அவசரத்துக்கு யாரை அழைப்பது என்ற பெயரையும் கொடுத்தால்தான் அது நிற்கும். மாற்று ஆள் இல்லாத விடுப்பு விடுப்பு அல்ல, வேலை மறுநாளைக்குக் குவிவது மட்டுமே.

கத்தோலிக்கத் திருச்சபை இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறது. 1983-இன் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் குருக்களுக்கு ஆண்டுதோறும் போதிய விடுமுறை உரிமையாகச் சொல்லப்பட்டுள்ளது. பங்குத்தந்தை ஆண்டுக்கு ஒரு மாதம் வரை விடுப்பில் செல்லலாம். ஆண்டுத் தியானத்துக்குச் செல்லும் நாட்கள் அந்த மாதத்தில் சேராது. தியானம் வேறு, விடுமுறை வேறு என்ற இந்தப் பாகுபாடு மிக முக்கியமானது. பல சபைகளில் வாலிபர் ஊழியரை மூன்று நாள் தலைவர் பயிற்சி முகாமுக்கு அனுப்பிவிட்டு, ஓய்வு கொடுத்துவிட்டதாக நினைக்கிறார்கள். அங்கேயும் அவர்தான் பாட்டு நடத்துவார். குருப்பட்டம் பெறாத ஊழியருக்குப் பெரும்பாலும் எழுதப்பட்ட விடுப்பு விதியே கிடையாது. பொறுப்பேற்கும்போதே இதைக் கேட்டு வாங்குவது தவறல்ல.

வாட்ஸ்அப் குழு இன்று ஓய்வு நாளை உடைக்கும் முதல் கருவி. குழுவை நடத்துவதை வாலிபர் ஐக்கியச் செயலாளரிடம் கொடுத்துவிடலாம். இரவு பத்துக்கு மேல் செய்திக்குப் பதில் வராது, உயிர் காக்கும் அவசரம் என்றால் போன் செய்யலாம் என்று ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டால் பெரும்பாலான இளைஞர்கள் புரிந்துகொள்வார்கள்.

பிறர் துயரத்தின் சுமை

காதல் தோல்வி, வீட்டில் அடி, தேர்வில் தோல்வி, போதைப் பழக்கம், தற்கொலை எண்ணம் ஆகிய அனைத்தையும் கேட்பவர் வாலிபர் ஊழியர். கேட்டதை எங்கும் இறக்கிவைக்க முடியாததே அவருடைய தனிச் சுமை. மனைவியிடம் சொல்ல முடியாது, சபைக் குழுவில் சொல்லவே கூடாது. பெயர் சொல்லாமல் பேசக்கூடிய, வேறு சபையைச் சேர்ந்த மூத்தவர் ஒருவர் இருந்தால் மாதம் ஒருமுறை அவரைச் சந்திப்பது பெரும் உதவி. தமக்குக் கீழ்ப்பட்டவரும் தம் மேலதிகாரியும் அல்லாதவராக அவர் இருக்க வேண்டும்.

சில செய்திகளை இரகசியமாக வைத்திருக்கச் சட்டமே அனுமதிப்பதில்லை. 18 வயது நிரம்பாதவர் மீது பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் 2012-இன் போக்சோ சட்டப்படி எவரும் அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். சிறார் உதவி எண் 1098. சபைக்குள் பேசித் தீர்த்துக்கொள்வதற்கு இதில் இடமில்லை. சிறுவர் சிறுமியரை மூடிய அறையில் தனியே சந்திக்காமல், பிறர் பார்வை படும் இடத்தில் சந்திப்பது அவர்களுக்குப் பாதுகாப்பு. ஊழியருக்கும் பெரிய மன நிம்மதி.

தற்கொலை எண்ணத்தைச் சொல்லும் இளைஞனுக்காக விடிய விடியத் தனியே காவலிருப்பது அன்பின் செயல் என்றாலும் ஒரு தனிமனிதரால் தாங்கக்கூடியது அல்ல. அந்த நிலையில் குடும்பத்தாரையும் மருத்துவரையும் உடனே சேர்த்துக்கொள்ள வேண்டும். டெலிமானஸ் எண் 14416 நாள் முழுவதும் இயங்குகிறது. தமிழில் பேசலாம். சென்னையில் லட்சுமி விஜயகுமார் 1986-இல் நிறுவிய சினேகா அமைப்பு தற்கொலைத் தடுப்பில் நீண்ட அனுபவம் உடையது.

பணமும் குடும்பமும்

முழுநேர வாலிபர் ஊழியர்களில் பலருக்குக் கிடைப்பது ஊதியம் அல்ல, மாதந்தோறும் மாறும் காணிக்கை. வருங்கால வைப்பு நிதியும் மருத்துவக் காப்பீடும் இல்லாதபோது ஒரு காய்ச்சல்கூடக் கடனாக முடியும். குடும்ப ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். பெட்ரோலுக்கும் போனுக்கும் ஆகும் செலவைத் தனியே எழுதிக் குழுவிடம் பெறுவது பேராசை ஆகாது. ஊர்ப் பிள்ளைகளின் தேர்வுக்கு ஜெபிக்கும் தந்தைக்குச் சொந்தப் பிள்ளையின் வகுப்பு எது என்று தெரியாத நிலை வேடிக்கையாகச் சொல்லப்படுவதுண்டு. வீட்டில் அதை யாரும் வேடிக்கையாக எடுத்துக்கொள்வதில்லை.

எப்போது உதவி தேட வேண்டும்

சாதாரணக் களைப்பு நல்ல உறக்கத்தில், இரண்டு நாள் விடுமுறையில் தீரும். பணிச்சோர்வு தீராது. போன் மணி அடித்தாலே நெஞ்சு படபடப்பது, முன்பு பொறுமையாகக் கேட்ட இளைஞன் மீதே எரிச்சல் வருவது, மேடையில் சொல்லும் சொற்கள் தமக்கே வெறுமையாகத் தோன்றுவது, ஞாயிறு மாலை முதலே அடுத்த ஞாயிறை நினைத்து அஞ்சுவது ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தால் வேலையைக் குறைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. இதில் ஏமாற்றும் அடையாளம் ஒன்று உண்டு. சிலர் சோர்வு ஏற ஏற இன்னும் கூடுதலாக உழைப்பார்கள், புதிய கூட்டங்களைத் தொடங்குவார்கள். வெளியே வைராக்கியமாகத் தெரிவதால் யாரும் தடுப்பதில்லை.

ஊழியத்தில் மட்டுமின்றி எதிலுமே மகிழ்ச்சி இல்லாமல் போவது, உறக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருப்பது, வாழ்ந்து பயனில்லை என்ற எண்ணம் ஆகியவை பணிச்சோர்வைத் தாண்டிய மனச்சோர்வு நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். அதற்கு ஓய்வு மட்டும் போதாது, சிகிச்சை தேவை. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுகள் செயல்படுகின்றன. மனநல மருத்துவரிடம் போனால் ஊரில் பேச்சாகும் என்ற தயக்கம் சிறிய நகரத்தில் இயல்பானதே. அப்படித் தயங்குபவர் 14416-ஐ அழைத்துத் தொடங்கலாம். நேரில் பார்ப்பதானால் செங்கல்பட்டு அல்லது சென்னை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லலாம்.